கண்ணால் காணாத காலத்தை அறிவது எப்படி?
(வரலாற்று விஞ்ஞானங்களும் விஞ்ஞானமுறையும்)

விஞ்ஞானம் என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆய்வுகூடம்தான். சோதனைக் குழாய்கள், தராசு, வெள்ளை அங்கி அணிந்த ஒருவர். உயர்தரக் கலைப்பிரிவில் ‘தருக்கவியலும் விஞ்ஞானமுறையும்’ பாடத்தைக் கற்கும் நாமும் விஞ்ஞானமுறையின் படிகளை இப்படித்தான் மனனம் செய்திருக்கின்றோம்: அவதானம், பிரச்சினை, கருதுகோள், எதிர்வுகூறல், பரிசோதனை, முடிவு.

இந்தப் படிகளைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகின்றது. நடந்து முடிந்துபோன ஒன்றைப் பரிசோதனை செய்வது எப்படி? ஒரு மலை உருவான விதத்தையோ, ஓர் உயிரினம் அழிந்த காரணத்தையோ, ஒரு கடற்கரை நூற்றாண்டுகளுக்கு முன் மூழ்கிய நாளையோ சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்க முடியாது. அப்படியென்றால் புவிச்சரிதவியல், உயிர்ச்சுவட்டியல், தொல்லியல் போன்றவை விஞ்ஞானங்கள் இல்லையா? அல்லது எமது பட்டியல்தான் குறைபாடுடையதா? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்று விஞ்ஞானம் என்றால் என்ன?

இயற்கையில் கடந்த காலத்தில் நிகழ்ந்த குறிப்பிட்ட சம்பவங்களை, அவை இன்று விட்டுச் சென்றுள்ள தடயங்களைக் கொண்டு விளக்க முயலும் துறைகளையே வரலாற்று விஞ்ஞானங்கள் என்கின்றோம். பௌதிகவியலாளர் “நீர் எப்போதும் எந்த வெப்பநிலையில் கொதிக்கும்?” என்று பொதுவிதியைத் தேடுகின்றார். புவிச்சரிதவியலாளரோ “இந்த இடத்தில், அந்தக் காலத்தில் என்ன நடந்தது?” என்று ஒரு தனிச் சம்பவத்தைத் தேடுகின்றார். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேய மெய்யியலாளர் வில்லியம் ஹியூவெல் இத்துறைகளைத் தனியொரு வகையாகப் பிரித்து ஆராய்ந்தார். 1840இல் வெளியான, தொகுத்தறி விஞ்ஞானங்களின் மெய்யியல் பற்றிய தனது நூலில் அவற்றுக்கு இடமும் கொடுத்தார்.

ஆனால் இவ்வாறு சிந்தித்தவர்களில் அவர் முதலாமவர் அல்லர். ஏறத்தாழ 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் அல்பிரூனி, வட இந்தியச் சமவெளியின் மண்ணை ஊன்றிக் கவனித்தார். மலைகளுக்கு அருகே ஆறுகள் வேகமாகப் பாயுமிடங்களில் உருண்ட பெரிய கற்கள் கிடக்கின்றன. மலையைவிட்டுத் தூரம் செல்லச் செல்லக் கற்கள் சிறியவையாகின்றன. ஆறு மெதுவாகிக் கடலை நெருங்குமிடத்தில் வெறும் மணல்தான். இதிலிருந்து, இந்தச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் நிரம்பியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். கடலாக இருந்ததை அவர் காணவில்லை. எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. கற்களின் பருமனும் அவை கிடந்த ஒழுங்குமே அவருக்குச் சாட்சி சொன்னன.

மூன்று ஆட்சேபங்கள்

வரலாற்று விஞ்ஞானங்களுக்கு எதிராகப் பொதுவாக மூன்று ஆட்சேபங்கள் முன்வைக்கப்படுகின்றன.

1. நடந்த சம்பவத்தை மீண்டும் நடத்திக் காட்ட முடியாது. எனவே பரிசோதனைக்கு இடமில்லை.

2. இவை கடந்ததைப் பற்றியே பேசுகின்றன. எதிர்வுகூறாத ஒன்றை எப்படிப் பொய்ப்பிக்க முடியும்? பொய்ப்பிக்க முடியாதது கார்ல் பொப்பரின் அளவுகோலின்படி விஞ்ஞானமாகாதே.

3. “நீங்கள் அங்கே இருந்து பார்த்தீர்களா?” கண்ணால் கண்டவர் இல்லாத சம்பவம் பற்றிய பேச்சு வெறும் ஊகம்தான்.

இவற்றுக்கு வாய்ச்சொல்லால் பதில் கூறுவதைவிட, உண்மையான ஆய்வு ஒன்றை எடுத்துப் பார்ப்பது பயனுள்ளது.

மூழ்கிய காடும் தாயில்லாச் சுனாமியும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கனடாவின் வான்கூவர் தீவிலிருந்து கலிபோர்னியாவின் வடபகுதி வரை ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு கடற்புவித்தகடு கண்டத்தகட்டின் கீழே அமிழ்ந்து செல்கின்றது. இது கஸ்காடியா எனப்படும். இத்தகைய இடங்களில் உலகின் பிற பகுதிகளில் மிகப் பெரிய பூமியதிர்ச்சிகள் ஏற்பட்டுள்ளன. ஆனால் இங்கு அப்படி எதுவும் பதிவாகவில்லை. அக்கரையில் எழுத்துப் பதிவுகள் தொடங்குவதே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆகவே இங்கு பெரும் அதிர்ச்சி ஏற்படாது என்றே 1980களின் தொடக்கம் வரை பலர் எண்ணினர்.

1986இல் பிரயன் அட்வாட்டர் என்ற புவிச்சரிதவியலாளர் வொஷிங்டன் மாநிலக் கரையோரச் சதுப்பு நிலங்களைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கினார். சேற்றுக்குக் கீழே, ஒரு காலத்தில் நிலமட்டமாக இருந்த பழைய மண் புதைந்து கிடந்தது. அதன்மேல் மெல்லிய கடல்மணற் படை. அதற்குமேல் வற்றுப்பெருக்கால் படிந்த சேறு. கொப்பாலிஸ் ஆற்றங்கரையில் இறந்துபோன சீடர் மரங்களின் காடொன்று, உவர்நீர்ச் சதுப்பின் நடுவே வெறுங்கட்டைகளாக இன்றும் நிற்கின்றது. சீடர் உவர்நீரில் வளரும் மரமல்ல. அப்படியென்றால் அது முளைத்தபோது அந்த நிலம் உயரமாக இருந்திருக்க வேண்டும்.

இங்கேதான் கருதுகோள்கள் போட்டியிடுகின்றன. முதலாவது, கடல்மட்டம் மெதுமெதுவாக உயர்ந்தது என்பது. இது உண்மையானால் மரங்கள் படிப்படியாக நலிந்திருக்க வேண்டும்; அவற்றின் இறுதி ஆண்டு வளையங்கள் ஒடுங்கியிருக்க வேண்டும். ஆனால் இறுதி வளையம் வரை மரங்கள் நன்றாகவே வளர்ந்திருந்தன. அவை திடீரென இறந்தன. இரண்டாவது, பெரும் புயல் என்பது. புயல் மணலைக் கொண்டுவந்து போடலாம். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளக் கரையை ஒரு மீற்றருக்கும் மேலாகக் கீழே இறக்க அதனால் முடியாது. மூன்றாவது, பூமியதிர்ச்சி என்பது. தகடுகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்திருக்கும் காலத்தில் கரையோரம் சிறிது சிறிதாக மேலே புடைத்து எழும். பிடி விடுபடும் கணத்தில் அது சட்டென்று தாழும், கடலும் பொங்கி வரும். புதைந்த மண், அதன்மேல் மணல், அதன்மேல் சேறு என்ற ஒழுங்கை இது ஒன்றே முழுமையாக விளக்கியது.

முதலிரு கருதுகோள்களும் எவ்வாறு விலக்கப்பட்டன என்பதைக் கவனியுங்கள். கருதுகோள் உண்மையானால் இன்ன தடயம் இருக்க வேண்டும், அத்தடயம் இல்லை, ஆகவே கருதுகோள் உண்மையல்ல. நாம் வகுப்பில் கற்கும் மறுத்து மறுத்தல் விதியே இது.

கதை இத்துடன் முடியவில்லை. கதிரியக்கக் காபன் முறையில் பார்த்தபோது அந்த அதிர்ச்சி 1680க்கும் 1720க்கும் இடையில் நிகழ்ந்ததெனத் தெரியவந்தது. இதைவிட நுணுக்கமாகச் சொல்ல அம்முறையால் இயலவில்லை. அப்போது பசுபிக் சமுத்திரத்தின் மறுகரையிலிருந்து ஒரு துப்புக் கிடைத்தது. ஜப்பானியக் கிராமங்களின் பழைய பதிவேடுகளில், 1700 ஜனவரி மாத இறுதியில் கடல் பொங்கி வீடுகளையும் வயல்களையும் சேதப்படுத்தியதாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதற்கு முன் அங்கு நிலம் அதிரவில்லை. அதிர்ச்சி இல்லாமல் வந்ததால் ஆய்வாளர்கள் அதைத் ‘தாயில்லாச் சுனாமி’ என்று அழைத்தனர். கெஞ்சி சட்டாக்கேயும் அவரது குழுவினரும் 1996இல் இவ்விரண்டையும் இணைத்தனர். அலை பசுபிக்கைக் கடக்க எடுக்கும் ஏறத்தாழப் பத்து மணித்தியாலத்தைக் கழித்து, கஸ்காடியாவில் பூமி அதிர்ந்தது 1700 ஜனவரி 26ஆம் திகதி இரவு சுமார் ஒன்பது மணிக்கு என்று கூறினர்.

எவ்வளவு துணிச்சலான கூற்று! இது பிழையாவதற்கு எத்தனையோ வழிகள் இருந்தன. மரங்கள் 1695இல் இறந்திருந்தாலும் பிழை, 1710இல் இறந்திருந்தாலும் பிழை. சோதனையும் நடந்தது. நின்ற மரங்களின் வெளிப்பகுதி காலத்தால் தேய்ந்துவிட்டிருந்ததால், சேற்றுக்குள் பட்டையோடு பாதுகாக்கப்பட்டிருந்த வேர்களைத் தோண்டியெடுத்து அவற்றின் வளையங்களை எண்ணினர். 1997இல் முடிவு வெளியானது. கடைசி வளையம் 1699ஆம் ஆண்டின் வளர்ச்சிப் பருவத்துக்குரியது. அதாவது, மரங்கள் 1699 ஓகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் இறந்தன. ஜப்பானியப் பதிவேடு சொன்ன நாள் இந்தச் சில மாத இடைவெளிக்குள் கச்சிதமாக அமைந்தது.

வான்கூவர் தீவின் பூர்வகுடி மக்களிடமும் ஒரு வாய்வழிக் கதை இருந்தது. ஓரிரவில் நிலம் அதிர்ந்து, பின்னர் கடல் ஏறிவந்து பச்சீனா விரிகுடாவின் கிராமத்தையே கொண்டுபோனது என்பது அக்கதை. நெடுங்காலம் வெறும் பழங்கதையாகக் கருதப்பட்ட அது, மண்ணும் மரமும் சொன்னதோடு ஒத்துப்போனது.

ஆட்சேபங்களுக்கான பதில்கள்

இப்போது அந்த மூன்று ஆட்சேபங்களுக்கும் திரும்புவோம்.

முதலாவது, பரிசோதனை இல்லை என்பது. அதிர்ச்சியை மீண்டும் நிகழ்த்த முடியாதுதான். ஆனால் விஞ்ஞானத்துக்கு இன்றியமையாதது சம்பவம் மீண்டும் நிகழ்வது அல்ல. அவதானம் மீண்டும் நிகழக்கூடியதாக இருப்பதே. யார் வேண்டுமானாலும் அந்தச் சதுப்பில் மீண்டும் தோண்டலாம், வளையங்களை மீண்டும் எண்ணலாம். சோதிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றது.

இரண்டாவது, எதிர்வுகூறல் இல்லை என்பது. எதிர்வுகூறல் என்பது எதிர்காலத்தில் நடக்கப்போவதைச் சொல்வது மட்டுமன்று. ‘இனிமேல் நாம் எதைக் கண்டுபிடிப்போம்’ என்பதைச் சொல்வதும் எதிர்வுகூறலே. மரங்கள் இறந்தது 1700இல். அவற்றின் வேர்களில் எண்ணப்பட்ட வளையங்கள் தெரியவந்தது 1997இல். சம்பவம் பழையது, சான்று புதியது. பொப்பரும் இதை ஏற்றுக்கொண்டார். டார்வினின் கோட்பாடு பற்றி அவர் முன்னர் கூறிய சில கருத்துகளை வைத்து, அவர் வரலாற்று விஞ்ஞானங்களை விஞ்ஞானமாகவே கருதவில்லை எனப் பலர் எண்ணினர். 1980இல் சஞ்சிகையொன்றுக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதனைத் தெளிவாக மறுத்தார். உயிர்ச்சுவட்டியல் போன்றவற்றுக்கும் விஞ்ஞானத் தன்மை உண்டு, அவற்றின் கருதுகோள்களையும் பெரும்பாலும் சோதிக்கலாம் என்பதே அவரது நிலைப்பாடாகும். பொப்பரைப் படிக்கும் மாணவிகள் இதை மனதிற் கொள்ள வேண்டும்.

ஹியூவெல் சொன்ன இன்னொரு கருத்தும் இங்கு பொருந்துகின்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத வெவ்வேறு வகைச் சான்றுகள் ஒரே முடிவில் வந்து சந்திக்குமானால், அம்முடிவு மிகவும் பலமுடையதாகும். வொஷிங்டனின் சேற்றுக்கும் ஜப்பானியக் கணக்குப்பிள்ளையின் ஏட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டும் பேசிவைத்துப் பொய் சொல்லியிருக்க முடியாது.

நிகழ்ந்து முடிந்தவை ஏன் இத்தனை தடயங்களை விட்டுச் செல்கின்றன? அமெரிக்க மெய்யியலாளர் கரோல் கிளீலண்ட் இதற்கு ஒரு விளக்கம் தந்துள்ளார். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே ஒரு சமமின்மை உள்ளது. ஓர் எளிய உதாரணத்தைப் பார்ப்போம். மாலையில் வானம் கறுத்திருப்பதைக் கண்டு இரவில் மழை பெய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு காற்று வீசினால் மேகம் கலைந்துவிடும். ஆனால் இரவில் மழை பெய்துவிட்டால், காலையில் அதை மறைப்பது எவ்வளவு கடினம்! முற்றம் ஈரம், வாளியில் நீர், கொடியில் மறந்துபோன துணி நனைந்திருக்கும், மண்ணில் கூரைநீர் விழுந்த குழிகள் வரிசையாக இருக்கும். இவற்றில் இரண்டு மூன்றைக் கண்டாலே போதும். வருவதை முன்கூட்டியே அறிவதைவிட, வந்து போனதைப் பின்னர் அறிவது பல வேளைகளில் இலகுவானது. ஆகவே வரலாற்று விஞ்ஞானி செய்யும் வேலை ஆய்வுகூட விஞ்ஞானியின் வேலையைவிடத் தாழ்ந்ததல்ல. அது வேறு வகையானது, அவ்வளவுதான்.

மூன்றாவது ஆட்சேபம், கண்ணால் கண்டவர் வேண்டும் என்பது. கண்டவர் சொல்வதும் ஆராயப்பட வேண்டிய ஒரு தடயமே அல்லவா? இதனை 1377இல் தனது ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் மிக அழகாக எடுத்துக்காட்டினார். நபி மூஸா (அலை) அவர்களின் காலத்தில் இஸ்ரவேலரின் படையில் ஆறு இலட்சம் பேருக்கு மேல் இருந்ததாக முன்னைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருந்தனர். இப்னு கல்தூன் அதனை அப்படியே ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய படையை ஒரு களத்தில் அணிவகுக்க முடியுமா? ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனையில் நடப்பது தெரியுமா? சில தலைமுறைகளுக்குள் ஒரு குடும்பம் இவ்வளவு பெருகுமா? அறிவிப்பவர் நம்பகமானவரா என்று பார்ப்பதற்கு முன், அறிவிக்கப்படும் சம்பவம் நடக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும் என்பதே அவரது விதி. ‘அங்கே இருந்தவர்’ என்பது மட்டும் ஒருவரை உண்மையாளராக்கிவிடாது. ‘அங்கே இருக்கவில்லை’ என்பது மட்டும் ஒருவரைப் பொய்யராக்கிவிடவும் மாட்டாது.

எல்லைகளும் உண்டு

இவ்வளவு சொன்னதால் வரலாற்று விஞ்ஞானங்கள் எல்லாவற்றையும் அறிந்துவிடும் என்று பொருளல்ல. டெரெக் டேர்னர் என்ற மெய்யியலாளர், காலம் தடயங்களை அழிக்கவும் செய்கின்றது என்பதை வலியுறுத்தினார். மழை பெய்து ஒரு மாதமானபின் முற்றத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? அறிய முடியாததற்கு உதாரணமாக டைனோசர்களின் நிறத்தை அவர் 2007இல் வெளியான நூலில் எடுத்துக்காட்டினார். எலும்பு கல்லாகும், நிறம் கல்லாகாது அல்லவா? ஆனால் 2010இல் சீனாவில் கிடைத்த சினோசோரொப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் இறகு போன்ற இழைகளில் நிறப்பொருளைக் கொண்டிருந்த நுண்ணிய உறுப்புகள் கண்டறியப்பட்டன. அதன் வாலில் செம்பழுப்பு வரிகள் இருந்தன என்ற முடிவு அதிலிருந்து பெறப்பட்டது. டேர்னரின் பொதுவான எச்சரிக்கை சரியானதே. எனினும் எந்தத் தடயம் முற்றாக அழிந்துவிட்டது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது அவ்வளவு எளிதல்ல என்பதை இச்சம்பவம் காட்டுகின்றது.

இன்னோர் எல்லை, எடுகோள் சார்ந்தது. இயற்கை விதிகள் அன்றும் இன்றும் ஒரேவிதமானவை என்று எடுத்துக்கொள்ளாமல் கடந்த காலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இதனை எப்படி நிறுவுவது என்று கேட்கலாம். டேவிட் ஹியூம் எழுப்பிய தொகுத்தறிமுறைப் பிரச்சினைதான் இது. ஆனால் இப்பிரச்சினை வரலாற்று விஞ்ஞானத்துக்கு மட்டும் உரியதல்ல. இன்று ஆய்வுகூடத்தில் பெற்ற முடிவு நாளையும் பொருந்தும் என்று சொல்பவரும் அதே எடுகோளைத்தான் பயன்படுத்துகின்றார். விதிகள் மாறாதவை என்பதற்கு வேகமும் மாறாதது என்று பொருளில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எல்லா மாற்றமும் மெதுவாகவே நிகழும் என்று எண்ணியதால்தான், ஒரே இரவில் ஒரு காடு மூழ்கியிருக்கலாம் என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருந்தது.

இதனால் எமக்கென்ன?

இக்கட்டுரையை வாசிக்கும் பெற்றோருக்கு 2004 டிசம்பர் 26ஐப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, அம்பாந்தோட்டை எனக் கரையோரமெங்கும் ஜனாஸாக்களைத் தேடி அலைந்த நாள் அது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் பிறந்த எம்மைப் போன்றவர்களுக்கு அது கேட்டறிந்த வரலாறு. சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்ததிலிருந்து அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலத்தை யாரும் பயன்படுத்தவில்லை. கடல் பின்வாங்கியதைப் பார்க்கக் கரைக்குப் போனவர்கள் உண்டு. இப்படியொன்று இங்கு வரும் என்ற நினைவே எவரிடமும் இருக்கவில்லை.

மனிதர்களிடம் இல்லாத நினைவு மண்ணிடம் இருந்தது. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் 2004இன் மணற்படைக்குக் கீழே பழைய மணற்படைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் மிகப் பிந்தியது சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என 2008இல் அறிவிக்கப்பட்டது. எமது அம்பாந்தோட்டைப் பகுதியில் உள்ள கரகன் களப்பின் அடிச்சேற்றிலும் பல ஆயிரம் ஆண்டுகாலப் பழைய சுனாமி மணற்படைகளை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். 2004இல் வந்தது இந்து சமுத்திரத்தின் முதலாவது பெருஞ்சுனாமி அல்ல. அதற்கு முந்தியவற்றை எம்மில் பெரும்பாலானோர் அறிந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை.

வொஷிங்டன் கரையில், கடந்த 3500 ஆண்டுகளில் ஏறத்தாழ ஏழு பேரதிர்ச்சிகள் நிகழ்ந்தன என்று சேற்றுப்படைகள் காட்டின. அதன் பின்னர் அங்கு கட்டட விதிகள் திருத்தப்பட்டன. கரையோர ஊர்களில் மேட்டு நிலத்துக்கு ஓடும் பாதைகள் அடையாளமிடப்பட்டன. அங்கு இன்னும் அடுத்த அலை வரவில்லை. ஆனாலும் பாடசாலைப் பிள்ளைகள் ஓடிப் பழகுகின்றனர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இறந்த மரத்தின் வேரை எண்ணியதன் பயன் அது.

“நீங்கள் அங்கே இருந்து பார்த்தீர்களா?” என்ற கேள்விக்கு வரலாற்று விஞ்ஞானி “இல்லை” என்றே பதில் சொல்வார். அதன் பின்னர் ஒரு மண்வெட்டியை நீட்டி, “வாருங்கள், இங்கே தோண்டுங்கள். நான் சொன்னது இல்லாவிட்டால் என் கருத்தைக் கைவிடுகின்றேன்” என்பார். தான் பிழையாகக்கூடிய இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும் இந்தத் துணிவு இருக்குமிடத்தில் விஞ்ஞானம் இருக்கின்றது. ஆய்வுகூடம் இருக்கின்றதா என்பது அடுத்த கேள்வி.

– தரம் 13, கலைப்பிரிவு மாணவி